கோத்தகிரியில் ஆறு அமர்வுகள்: தத்துவ ஆலோசனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இது பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. இதில் வரும் ஆலோசகரும் அவரிடம் வந்தவரும் உண்மையான யாரையும் குறிப்பவர்கள் அல்லர். ஊர், சட்டம், தொழிலின் நடைமுறை ஆகியவை மட்டும் உள்ளபடியே. தவறுகளை அவை நடந்த வரிசையிலேயே வைத்திருக்கிறோம். வாழ்க்கைக் கேள்வி ஒன்றை வந்தவரோடு சேர்ந்து யோசிப்பதே தத்துவ ஆலோசனை. அதில் தவறு, நல்ல உரையாடலின் வேடத்தில்தான் உள்ளே வரும். வரிசையைக் கலைத்துவிட்டால் அந்த வேடம் கண்ணில் படாது.

பலகை

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மளிகைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஆலோசகருக்கு நாற்பது வயது, தத்துவத்தில் முனைவர் பட்டம், கோவையில் கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவம். 50 நிமிட அமர்வுக்கு 500 ரூபாய். வாசலில் பலகை: பெயருக்கு முன்னால் "டாக்டர்", பெயருக்குக் கீழே "கவுன்சிலிங்".

கதவைத் திறப்பதற்கு முன்பே இரண்டு பிழை. மருத்துவர், முனைவர் என்று தமிழில் இரண்டு சொல் தெளிவாக இருக்க, இரண்டுக்கும் பொதுவான ஒன்றை எடுத்து மாட்டினால், ரத்த அழுத்தம் பார்க்க மாடி ஏறுபவரைக் குறை சொல்ல முடியாது. "கவுன்சிலிங்" இன்னும் குழப்பம். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்கு இன்ஜினியரிங் சீட் என்று பொருள். மற்ற வீடுகளில் மனநல சிகிச்சை. பலகையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "முனைவர் (பெயர்). தத்துவ ஆலோசனை. இது மருத்துவமோ மனநல சிகிச்சையோ அல்ல."

இந்தியாவில் தத்துவ ஆலோசனைக்கென்று தனி உரிமம் கிடையாது. கேட்பதற்குச் சுதந்திரம் போலத் தோன்றும். எல்லாப் பொறுப்பும் ஆலோசகர் தலையில்தான் என்பதே அதன் நடைமுறைப் பொருள். மருத்துவ உளவியலாளர் என்ற பெயரில் தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்று யாரைச் சொல்கிறதோ, அந்த வரையறைக்குள்ளும் தத்துவம் படித்தவர் வரமாட்டார். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டம் தரும் காப்பும் இவருக்கு இல்லை.

ஜெர்மனியில் கெர்ட் ஆகென்பாக் 1981இல் தத்துவ ஆலோசனைக்கென்று ஓர் அறையைத் திறந்தபோது, வருபவர் மீது முறை என்று எதையும் கொண்டுபோய்ச் சுமத்துவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. பிறகு அமெரிக்காவில் எலியட் கோஹன், லூ மாரினாஃப் போன்றவர்கள் அமைப்புகள் கட்டினார்கள், நெறிமுறைகள் எழுதப்பட்டன. அவற்றின் சாரம் எளிது: நோயைக் கண்டறிய முயலாதே, உன் எல்லையை முன்கூட்டியே சொல், எல்லைக்கு வெளியே போனால் உரியவரிடம் அனுப்பு. "போனால்" என்பது எந்த நிமிடம் என்று காகிதம் சொல்லாது.

வந்த கேள்வி

வந்தவருக்கு 52 வயது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில் வீடு, மூன்று ஏக்கர் தேயிலை. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு, வெளியே தமிழ். எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்தார். சாகும் முன் மகன் கையைப் பிடித்து, "நிலத்த வெளியாளுக்கு விட்டுடாத" என்று சொல்ல, இவரும் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கோவையிலிருக்கும் தம்பி தன் பங்கை விற்கச் சொல்லி நெருக்குகிறார். தங்கும் விடுதி கட்ட ஒருவர் நல்ல விலை தரத் தயார். பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களில் பறிகூலிக்கே கையைக் கடிக்கிறது என்பதும் உண்மை.

அவர் கேட்டது: "செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு நம்மளக் கட்டுமா தம்பி?"

தத்துவம் படித்த எவருக்கும் கை பரபரக்கும் கேள்வி. ஆலோசகருக்கும் பரபரத்தது, முதல் 50 நிமிடமும் அதிலேயே போயிற்று. முதல் அமர்வில் 15 நிமிடமாவது வேறு வேலைக்கு ஒதுக்க வேண்டும்: ஒப்பந்தத் தாள். இரண்டு பக்கம் போதும்; படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"நான் மருத்துவர் அல்ல, உளவியலாளரும் அல்ல. உங்கள் கேள்வியை உங்களோடு சேர்ந்து யோசிப்பது என் வேலை. முடிவு எடுப்பது உங்கள் வேலை. நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது. ஆனால் மூன்று இடத்தில் தாண்டும்: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், நீதிமன்றம் கேட்டால். முதல் சந்தர்ப்பத்தில் யாருக்கு போன் செய்யலாம் என்று இப்போதே ஒரு பெயர் எழுதுங்கள்."

இரண்டாவது விதிவிலக்கு ஆலோசகரின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் புகார் அளித்தே ஆக வேண்டும். அளிக்காவிட்டால் தண்டனை உண்டு. "நான் தத்துவம்தானே பேசுகிறேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

தாளின் பின்பக்கத்தில் கேள்விகள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, ஏதாவது மாத்திரை உண்டா, கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது. இந்த ஊரில் நம் இருவருக்கும் தெரிந்தவர் யார் யார். மனம் நொந்தால் எந்த மொழியில் வாய் வரும். கடைசி இரண்டும் நகரத்துப் படிவங்களில் அபூர்வம். மலையூரில் அவை இல்லாமல் தொடங்கக் கூடாது.

ஆலோசகர் இவற்றில் எதையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் இரண்டாம் அமர்வில் கையெழுத்தானது, பின்பக்கம் காலியாகவே.

நன்றாக நடந்த அமர்வு

இரண்டாம் அமர்வு தொழிலின் சிறப்பைக் காட்டும் அமர்வு. அதைச் சொல்லாவிட்டால் இந்த வேலை எதற்கு என்றே தெரியாமல் போகும்.

உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கிலிருந்து அவரே நம்மை விடுவிக்கலாம்: "பரவாயில்ல, விடு" என்று ஒரு சொல் போதும். இறந்தவர் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. அப்படியானால் வாக்கு என்றைக்குமே அவிழாத முடிச்சா, அல்லது வாங்கியவரே இல்லாததால் தானே அவிழ்ந்துவிட்ட முடிச்சா? ஆலோசகர் இரண்டு பக்கமும் சாயவில்லை. ராமாயணத்துக்குப் போனார். தந்தை இறந்த பிறகும் அவர் வாக்கு தன்னைக் கட்டும் என்பது ராமன் நிலை. இறந்தவருக்கு மகன் கடன்பட்டவன் அல்லன் என்று வால்மீகியில் ஜாபாலி வாதாடுகிறார். பரதன் இரண்டையும் எடுக்காமல், பாதுகையை வைத்து அரசைக் காவல் காக்கிறான். வந்தவருக்கு மூன்றும் சிறு வயதிலிருந்து தெரிந்த கதை. அவற்றை மூன்று வாதங்களாக நிறுத்திப் பார்த்தது புதிது.

பிறகு ஆலோசகர் கேட்டது நல்ல கேள்வி: "அப்பா பயந்தது எதுக்கு அண்ணா? நிலம் போறதுக்கா, இல்ல நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிடுவீங்கன்னா?" வந்தவர் நெடுநேரம் பேசவில்லை. "அத நான் கேக்கவே இல்ல" என்றார். வாக்கின் சொற்களையும் அதன் நோக்கத்தையும் அவரே பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். பாகப்பிரிவினை, உடன்பிறந்தவர்களின் பங்கு, மலைப்பகுதியில் கட்டடம் கட்ட வாங்க வேண்டிய அனுமதி பற்றியெல்லாம் பேச்சு திரும்பியபோது, அது வழக்கறிஞர் வேலை என்று நிறுத்தியதும் சரி.

அன்றைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: "இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து சிந்திக்கிறார்." வந்தவர் சொன்னது வேறு. மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது, பிறகு வருவதில்லை, ரெண்டு மாதமாக இப்படித்தான் என்றார். விடியலுக்கு முன்பே தூக்கம் கலைவது மனச்சோர்வின் பழகிய அறிகுறிகளில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் அடுத்த கேள்வி சாப்பாடு பற்றியதாக இருந்திருக்கும். தத்துவ ஆசிரியரின் காதில் தூக்கமின்மை சிந்தனையாக விழுந்தது.

கவரிமா

மூன்றாம் அமர்வில் பேச்சு வாக்கிலிருந்து மானத்துக்கு நகர்ந்தது. வித்தாலும் மானம் போகும், விக்காமல் தம்பியோடு கோர்ட்டுக்குப் போனாலும் ஊர்க்கூட்டத்தில் மானம் போகும் என்றார் வந்தவர். ஆலோசகர் மானம் என்ற அதிகாரத்தை எடுத்தார். கவரிமா வரும் குறளைச் சொன்னார். அதோடு நிற்காமல் கோப்பெருஞ்சோழன் கதைக்கும் போனார்: மக்கள் இருவரும் எதிர்த்து வந்தபோது போருக்குக் கிளம்பியவன், புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் சொல் கேட்டுப் போரைக் கைவிட்டு, பின்பு வடக்கிருந்தவன், அதாவது உண்ணாமல் அமர்ந்து உயிர்விட்டவன்.

பாடமாக எடுத்தால் அழகான எடுத்துக்காட்டு. வந்தவரின் நிலையில் வைத்துப் பார்த்தால்? குடும்பத்துக்குள் பகை, மானம், அதற்கு உயிரை விடுவது உயர்ந்த முடிவு. சொந்த வீட்டுக் கதையை ஒருவர் கொண்டு வந்து வைத்திருக்கிறார். அதற்கு ஆலோசகர் ஒரு முடிவு வாசித்துக் காட்டியிருக்கிறார். பண்டைய ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெடஸ், வாழ்க்கையை விட்டுப் போவதைப் பற்றி, வீட்டில் புகை தாங்க முடியாமல் போனால் கதவு திறந்திருக்கிறது என்று சொன்ன உவமையை மேற்கத்திய ஆலோசகர்கள் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நம்முடைய வரிகள் பள்ளியிலேயே மனப்பாடம் ஆனவை, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். நடைமுறை விதி ஒன்றே: தூக்கம், சாப்பாடு, உயிரின் மீதான பிடிப்பு ஆகிய மூன்றையும் நேரடியாகக் கேட்டு அறியும்வரை, மரணத்தை மேன்மைப்படுத்தும் எந்த நூலும் மேசைக்கு வரக்கூடாது.

அமர்வு முடியும் தறுவாயில் வந்தவர் ஜன்னலைப் பார்த்துப் படுகில் ஒரு வாக்கியம் சொன்னார். ஆலோசகருக்குப் படுகு தெரியாது. புரிந்தது போலத் தலையாட்டினார். "அண்ணா, அதத் தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்க ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

கேரட்டும் வீட்டுக்காரரும்

நான்காம் அமர்வுக்கு வந்தவர் ஒரு சாக்குக் கேரட்டோடு வந்தார். மலையில் விளைந்ததை வேண்டாம் என்பது ஆளையே வேண்டாம் என்பதற்குச் சமம். "பரிசு வாங்காதே" என்ற ஒற்றை வரி விதி இங்கே வேலை செய்யாது. ஒருவேளைச் சமையலுக்கு ஆகிற அளவை வாங்கிக்கொள்வது, மீதியைக் கையோடு திருப்பித் தருவது, இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுவது என்பதே பல நாள் ஓடும் ஏற்பாடு. அரைக் கிலோ தேயிலைத் தூளும் அந்த அளவுக்குள் அடங்கும். சாக்கு அடங்காது. இவர் சாக்கை வாங்கிக்கொண்டு அன்றைய கட்டணத்தை வேண்டாம் என்றார். அத்தோடு கட்டணம் பண்டமாற்று ஆனது. பண்டமாற்றில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கு இருவர் மனதிலும் ஓடத் தொடங்கும்.

அன்றைக்குப் பெரிய சிக்கல் வேறு. நில விற்பனையில் தரகு பேசுபவர், வந்தவரின் சின்னம்மா மகன். மாடி அறையின் உரிமையாளரும் அவரே. ஆலோசகர் மாதாமாதம் வாடகை தருவது, விற்பனை நடந்தால் லாபம் பார்க்கும் ஆளுக்கு. கோத்தகிரி அளவு ஊரில் இப்படிப்பட்ட பின்னலைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கச் சொல்லும் நெறிமுறை இங்கே யாரையும் தொழில் செய்ய விடாது. தெரிந்த அன்றே சொல்லிவிடுவது மட்டும் எந்த ஊரிலும் முடியும். "உங்க சின்னம்மா பையன்தான் எனக்கு வீட்டுக்காரர். இத வச்சு நீங்க வேற ஆள்கிட்ட போகணும்னா ஏற்பாடு பண்றேன், போன்லயே பேசலாம்" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சங்கடம் என்று அடுத்த முறைக்குத் தள்ளினார்.

வந்தவர் இவரைத் "தம்பி" என்று அழைத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர் பதிலுக்கு "அண்ணா" என்றார். மலையில் அது இயல்பு. "ஐயா, வணக்கம்" என்று விறைப்பாக ஆரம்பித்தால் பேச்சே வராது. ஆனால் இந்த வீட்டில் தம்பி என்ற இடத்தில்தான் சண்டை. நிஜத் தம்பி போனை எடுப்பதில்லை. மாடியில் ஒரு தம்பி 50 நிமிடம் காது கொடுத்துக் கேட்கிறார். "தம்பி மாதிரி நீங்களே சொல்லுங்க, வித்துடலாமா?" என்று நான்காம் அமர்வில் வந்தவர் கேட்டார். அதற்கு ஆமாம், இல்லை இரண்டையுமே சொல்லாமல் இருந்தது ஆலோசகர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

மனைவியின் போன்

ஆறு நாள் கழித்து, இருட்டிய பிறகு ஒரு போன்.

"சார், நான் அவரு வீட்டுக்காரிங்க. அவரு உங்ககிட்ட என்ன சொல்றாரு? சரியா சாப்பிடறதில்ல. சொசைட்டிக் கடன், கடைக் கடன் எல்லாத்தையும் நோட்டுல எழுதி என் கையில குடுத்துட்டாரு. பைக்க மருமகன் பேருக்கு மாத்தணுங்கறாரு."

கேட்பது ரகசியத்தை மீறுவது ஆகாது. சொல்வதுதான் மீறல். ஆலோசகர் அந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தார்: "என்கிட்ட யார் வர்றாங்க, என்ன பேசறாங்கன்னு நான் சொல்ல முடியாதுங்க. நீங்க சொல்றத முழுசா கேக்கறேன். இப்ப அவர் தனியா இருக்காரா?" கடனையெல்லாம் எழுதி ஒப்படைப்பதும், நெருக்கமான பொருளைக் கைமாற்றுவதும், பசி போவதும் சேர்ந்து வந்தால் அது கேள்வி கேட்கும் நேரம். பத்து நிமிடத்துக்குள் வந்தவருக்கு போன் செய்தார்.

"அண்ணா, நேராவே கேக்கறேன். செத்துடலாம்னு நினைப்பு வருதா?"

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலானது, ஆதாரமற்றது. நேராகக் கேட்பது பெரும்பாலும் ஆளுக்கு இறுக்கத்தைத் தளர்த்தும். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, "வருது தம்பி" என்றார்.

இங்கிருந்து ஆலோசகர் ஒரு வாதமும் வைக்கவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று குற்ற உணர்வைக் கிளறவில்லை, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யவில்லை. "இத உங்க வீட்டுல சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று சம்மதம் கேட்டார், கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் ஒப்பந்தத்தின் முதல் விதிவிலக்குப்படி சொல்லியிருப்பார், அதையும் அவரிடம் தெரிவித்துவிட்டே. ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாதிருக்க, தோட்டத்து ஷெட் சாவி மனைவி கைக்கு மாறி, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அன்றிரவு மருமகன் வந்து உடன் படுத்தார். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ அழைத்து ஆலோசகர் வீட்டாரைப் பேச வைத்தார். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிப்பார்களோ என்று மருமகன் கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது: 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது, சிகிச்சை தருவது அரசின் கடமை.

மறுநாள் காலை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மனநலப் பிரிவு. சுமார் 30 கிலோமீட்டர். வந்தவரின் சம்மதத்தோடு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். கடிதம் சிறியதாக இருக்க வேண்டும்: எத்தனை முறை சந்தித்தேன், அவர் வாயால் சொன்னது என்ன, எந்தத் தேதியில், வீட்டார் கவனித்தது என்ன, நான் மருத்துவன் அல்லன். "டிப்ரஷன்" என்ற சொல் அதில் வரக் கூடாது. அதை எழுதும் தகுதி கடிதத்தைப் பிரித்துப் படிப்பவருக்கு உண்டு.

ஐந்தாம் அமர்வு என்று கோப்பில் பதிவானது அந்த போன் பேச்சுதான். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆறாம் அமர்வு

பத்து வாரம் கழித்து வந்தவர் திரும்பி வந்தார். மாத்திரை எடுக்கிறார், காலை ஐந்தரை வரை தூங்குகிறார், பறிப்புக்குப் போகிறார். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டதற்கு ஆலோசகர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "டாக்டர்கிட்ட கேளுங்க." மாத்திரை சிந்தனைக்கு எதிரி என்ற எண்ணம் தத்துவம் படித்தவர்களிடம் ஒளிந்திருக்கும், முகபாவத்தில்கூட அதைக் காட்டக் கூடாது.

அதே ஆலோசகர் தொடர்வது சரியா? வேறொருவரிடம் அனுப்புவதே எங்கள் விருப்பம். ஆனால் இந்தத் தொழிலில் இன்னோர் ஆள் மலைமேல் இல்லை, வந்தவரும் இவரையே கேட்டார். ஆகவே நிபந்தனையோடு: மனநல மருத்துவருக்குத் தெரிந்து, மூன்று அமர்வு மட்டும், வாக்கு பற்றிய கேள்வி மட்டும், வேறு ஓர் அறையில். கோவையில் ஒரு மூத்த உளவியலாளரோடு ஆலோசகர் மாதம் ஒருமுறை இதைக் கலந்து பேசுவார் என்பதும் புதிய தாளில் இருந்தது. பெயரை மறைத்தால் போதாது. ஏக்கர் கணக்கையும் ஹட்டியின் திசையையும் சேர்த்துச் சொன்னால் மலையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றையும் மாற்றியே பேச வேண்டும். இதற்கிடையே தம்பி கோவையிலிருந்து அழைத்து, இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் தருகிறேன், உட்கார வைத்துப் பேசுங்கள் என்றார். ஆலோசகர் மறுத்துவிட்டார், ஒருவரின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு இருவருக்கு நடுவே நடுநிலையாக உட்கார முடியாது.

அன்று ஆலோசகர் மூன்றைச் சொன்னார். வீட்டுக்காரர் விஷயம், அதைத் தாமதமாகச் சொல்வது தன் தவறு என்பது. தூக்கத்தைப் பற்றிக் கேட்டும் கேளாததுபோல் விட்டது. கவரிமா. பிறகு கேட்டார்: "அன்னைக்கு ஜன்னலப் பாத்து உங்க பாஷையில ஒண்ணு சொன்னீங்க. அது என்ன?"

"என்னையும் அப்பா பக்கத்துலயே வச்சிடுங்கன்னேன்."

நிலம் என்ன ஆயிற்று என்பது கோப்பில் இல்லை. கோப்பு ஒரு தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. ஐப்பசி மழையில் கோத்தகிரியில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும். ஆறாம் அமர்வின் குறிப்பு நான்கு வரி. கடைசி இரண்டு இப்படி:

"குறளைச் சொன்னது தவறு என்றதற்கு, 'நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும் சார், இஸ்கூல்ல படிச்சதுதானே' என்றார்.

இன்று முதல்முறையாக 'சார்' என்றார்."